எளிய வட்டியும் எளியோரும்

கடன்பட்டு அல்லலுறும் பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்று கூறுவது இந்நாளில் ஒரு நாகரிகமாகிவிட்டது. நுண்கடன் பற்றிய கருத்தரங்குகளிலே இதனைக் கேட்கிறோம். அரச அலுவலகங்களிலே கேட்கிறோம். நிரந்தர உத்தியோகமும் மாதச் சம்பளமும் உடைய எம் போன்ற ஆசிரியர்களின் ஓய்வறைகளிலும் தாராளமாகக் கேட்கிறோம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் பொலன்னறுவையிலும் உள்ள ஏழைக் குடும்பங்கள் கிழமைத் தவணைக்காக நகையையும் ஆட்டையும் கோழியையும் விற்க நேர்ந்தது ஏன் என்று வினவினால், "அவர்களுக்கு நிதி அறிவு போதாது" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. நோய் இன்னதென்று துணிந்த பின் மருந்துக்கு என்ன பஞ்சம்? ஒருநாட் பயிற்சி வகுப்பு, வரவு செலவு எழுத ஒரு கொப்பி, மதியம் ஒரு சோற்றுப் பொதி.

இவ்விடையை மறுப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. வட்டிக் கணக்கில் ஓர் அறியாமை நம்மிடையே நிலவுவது உண்மைதான். ஆனால் அது கடன் வாங்கியவளிடம் மட்டும் உள்ளதன்று. அதனைப் பேணுவதால் இலாபம் அடைவோரும் அவளல்லர்.

வட்டிக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். முதலை வீதத்தாற் பெருக்கி, வருவதைக் காலத்தாற் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். 1,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 12 வீதப்படி 2 ஆண்டுகளுக்கு வட்டி 240 ரூபா. இதற்கு நாம் இட்ட பெயர் எளிய வட்டி; தமிழ்நாட்டார் தனிவட்டி என்பர். சூத்திரம் எளியதுதான். ஆனால் அச்சூத்திரத்தின் அடியிலே சொல்லப்படாத ஒரு நிபந்தனை கிடக்கிறது. கடன் வாங்கியவர் முதலிற் பெற்ற தொகை முழுவதும், ஒரு சதமும் குறையாமல், அக்காலம் முடியும்வரை அவர் கையிலேயே இருக்கவேண்டும் என்பதே அந்நிபந்தனை. வட்டியாவது பிறர் பணத்தை வைத்திருந்ததற்குக் கொடுக்கும் வாடகை. நான்கு அறை கொண்ட வீட்டை வாடகைக்கு எடுத்தவன் மூன்று அறைகளை உடையவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட பின்பும் நான்கு அறைக்கும் வாடகை கேட்டால், அதனை எந்த ஊரார் ஒப்புவர்?

சோழர் கல்வெட்டுக்களைப் பயின்றோர் "பொலிசை" என்ற சொல்லை அறிவர். வட்டிக்கு அன்று வழங்கிய பெயர்களுள் அதுவும் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிலே, கோயிலுக்கு விடப்பட்ட காசை ஊர்ச் சபையார் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் காசொன்றுக்கு அரைக்காற் காசு பொலிசையாகச் செலுத்தக் கடமைப்பட்ட செய்தி வருகிறது. அரைக்காலாவது எட்டில் ஒன்று, நூற்றுக்கு 12.5 என்க. அங்கே முதல் குறைவதேயில்லை. சந்திர சூரியர் உள்ளவரை அது சபையாரிடமே நிற்கும். பொலிசை மாத்திரம் ஆண்டுதோறும் வரும். ஆகவே அவ்விடத்தில் எளிய வட்டி முற்றும் பொருந்துகிறது; சொன்ன வீதமே உண்மை வீதமுமாகும். கொடுத்த காசு இவ்வளவு, ஆண்டுக்குப் பொலிசை இவ்வளவு என்பன ஊரார் கண்காணத் தமிழிலே கல்லில் வெட்டப்பட்டன. (இதனால் மன்னராட்சிக்குப் பரணி பாடுகிறேன் என்று எவரும் கொள்ளற்க. அச்சபைகளிலே நிலமற்ற உழவனுக்கு ஆசனம் இருக்கவில்லை என்பதையும் அதே கல்வெட்டுக்களைக் கொண்டே அறிகிறோம்.)

இனி நம் காலத்துக் கிராமத்துக்கு வருவோம். ஒரு பெண் கொம்பனி ஒன்றிலே 60,000 ரூபா கடன் பெறுகிறாள் என்று கொள்வோம். தவணை 12 மாதம். வட்டி ஆண்டுக்கு 24 வீதம், "எளிய வட்டிதான், பயப்படவேண்டாம்" என்கிறார் உத்தியோகத்தர். பெரும்பாலும் கிழமைத் தவணையே நடைமுறை. கணக்கு இலகுவாகும் பொருட்டு மாதத் தவணையாக வைத்துக்கொள்வோம். அறுபதினாயிரத்துக்கு 24 வீதம் 14,400 ரூபா. இரண்டையும் கூட்ட 74,400. அதனைப் பன்னிரண்டால் வகுக்க மாதம் 6,200. இதில் 5,000 முதலுக்கும் 1,200 வட்டிக்கும் போகின்றன. சூத்திரம் பிழையில்லை, பெருக்கலும் பிழையில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் இப்படி எழுதினால் நாம் சரியென்று அடையாளமிட்டுப் புள்ளியும் கொடுப்போம்.

ஆனால் அவள் கையில் 60,000 ரூபா இருந்தது முதல் மாதம் மாத்திரமே. இரண்டாம் மாதம் 55,000. மூன்றாம் மாதம் 50,000. இப்படியே இறங்கிப் பன்னிரண்டாம் மாதத்தில் அவளிடம் எஞ்சி நிற்பது 5,000 ரூபா. க.பொ.த. சாதாரண தரக் கணிதம் கற்பிப்போர் "மாத அலகு" என்று ஒன்றைக் கூறுவர். 5,000 ரூபாவை ஒரு மாதம் வைத்திருப்பதை ஓர் அலகு எனக் கொண்டால், முதல் மாதம் 12 அலகு, அடுத்த மாதம் 11, பின் 10 என இறங்கி இறுதி மாதம் 1. பன்னிரண்டு முதல் ஒன்று வரை கூட்டினால் 78. அவள் பயன்படுத்தியது 78 அலகு. மாதம் 2 வீதப்படி ஓர் அலகுக்கு வட்டி 100 ரூபா. ஆகவே அவள் கொடுக்கவேண்டிய வட்டி 7,800 ரூபா. கொம்பனியோ பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு அலகும் அவளிடமே கிடந்தனவெனப் பாவனை செய்து 144 அலகுக்கு வட்டி வாங்குகிறது. இடையிலுள்ள 66 அலகுக்குரிய 6,600 ரூபா, அவள் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கு அறவிடப்பட்ட வட்டியாகும்.

மறுபுறமாகவும் பார்க்கலாம். அவள் கையில் நின்ற பணத்தின் சராசரி 32,500 ரூபா. அதற்கு ஓராண்டில் 14,400 ரூபா வட்டியென்றால் வீதம் 44ஐத் தாண்டுகிறது. கடன் கொடுக்கும்போதே "ஆவணச் செலவு", "காப்புறுதி" என்று 3,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 57,000 ரூபாவை மாத்திரம் கையிற் கொடுத்தால், இதே முறையில் வீதம் 56க்கு மேற் போகிறது. கொம்பனியின் தாளில் மட்டும் 24 என்ற எண் அசையாது நிற்கிறது.

எனது வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் இத்தகைய கடன் கொப்பியொன்றை ஒருநாள் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்கவில்லை; போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பாடசாலையை விட்டவர். மாத அலகு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டி அவர் கேட்டார்: "சேர், கடைசி மாசம் என்னட்டை அவையின்ரை காசு ஐயாயிரம்தானே இருக்கு. அந்த ஐயாயிரத்துக்கு ஒரு மாசத்துக்கு ஆயிரத்து இருநூறு வட்டியோ?"

ஐயாயிரத்துக்கு மாதம் 1,200 என்றால் மாத வீதமே 24. ஆண்டு வீதமாக அங்கே சொல்லப்பட்டது எதுவோ, அது இறுதி மாதத்திலே மாத வீதமாகவே வந்து நிற்கிறது. இதனைப் பயிற்சி வகுப்பு எதுவும் அவருக்குக் கற்பிக்கவில்லை, தாமே கண்டுகொண்டார். இதே கேள்வியை அவர் கிழமைக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறார். கேட்டபோது, "விருப்பமில்லையெண்டால் எடுத்திருக்கக் கூடாது" என்று வந்தவர் சொன்னாராம். குழுவிலிருந்த மற்றப் பெண்களும் "சும்மா இரு" என்று அடக்கினார்களாம். அவர்களை நோவதற்கில்லை. ஒருத்தி தவறினால் மற்றையோர் கட்டவேண்டும் என்ற குழுப்பிணை அவர்கள் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. கணக்குத் தெரியாதவள் என்று நாம் யாரைக் கூறுகிறோமோ அவளுக்குக் கணக்குத் தெரியும். கேட்ட கேள்விக்கு விடை பெறும் உரிமைதான் அவளுக்கு இல்லை.

"எளிய" என்ற அடைமொழி செய்யும் கேட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கூட்டு வட்டி கொடியது, அது வட்டிக்கு வட்டி போட்டுக் குட்டி போடும் என்பது சிறு பராயம் முதல் நாம் ஊட்டிய அச்சம். அந்த அச்சத்தையே கொம்பனி முதலாக்குகிறது. இதே 60,000 ரூபாவை, இதே 24 வீதத்தில், மாதந்தோறும் எஞ்சிய மீதிக்கு மாத்திரம் வட்டி கணித்து முதலும் வட்டியும் சேர்ந்த சமதவணையாக அறவிடும் வங்கி முறை கூட்டு வட்டிக் கணிதத்தின் வழிப்பட்டது. அம்முறையில் மாதத் தவணை ஏறக்குறைய 5,674 ரூபா. ஆண்டு முழுவதுக்கும் வட்டி ஏறக்குறைய 8,083 ரூபா. கொடியதென அஞ்சிய வட்டி எண்ணாயிரத்துச் சொச்சம்; எளியதென நம்பிய வட்டி 14,400. வட்டியின் பெயரைக் கேட்டு ஒன்றும் ஆவதில்லை, எந்தத் தொகைக்கு வட்டி என்றே கேட்கவேண்டும்.

அவ்வளவோடும் நிற்கவில்லை. ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியவளுக்கு மேலும் பணம் தேவைப்படுகிறது. பிள்ளையின் வைத்தியச் செலவு, கிணற்று மோட்டார், அல்லது மற்றொரு கொம்பனியின் தவணை. "பழையதை முடித்துப் புதிதாகத் தருகிறோம்" என்கிறார்கள். பழைய கடனில் எஞ்சியிருப்பது உண்மையில் 30,000 ரூபா முதல். ஆனால் இன்னும் வராத ஆறு மாதங்களுக்கான வட்டி 7,200ஐயும் சேர்த்து 37,200 ரூபா மீதியெனக் காட்டுவார்கள். புதுக் கடன் 100,000; அதிலே 37,200ஐக் கழித்துக்கொண்டு 62,800ஐக் கையிற் கொடுக்கிறார்கள். வட்டியோ ஒரு லட்சத்துக்கும் கணிக்கப்படுகிறது. நாட்கள் இன்னும் பிறக்கவேயில்லை. அவற்றின் வட்டி மாத்திரம் முதலாக மாறி, அதற்கும் வட்டி பிறந்துவிட்டது. கூட்டு வட்டி இல்லை என்று சத்தியம் செய்தவர்களின் கணக்கிலேதான் இது நடக்கிறது.

நமது முற்போக்கு எழுத்திலே ஊர் வட்டிக்காரன் நீண்டகால வில்லன். அவனுக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. ஒற்றிக்கு வாங்கிய காணியை உறுதியாக்கிக்கொண்ட கதைகளும், அடைவு வைத்த தாலிக்கொடி திரும்பாத கதைகளும் குடாநாட்டிலே ஏராளம். மீற்றர் வட்டி என்ற பெயரில் நாட்கணக்கில் உயிரை வாங்குவோர் இன்னொரு சாதி. ஆயினும் கணக்கைக் கணக்காகவே பார்க்கவேண்டும். "நூற்றுக்கு இரண்டு" என்று ஊரிலே ஒருவர் கொடுத்தால், மாதம் நூறு ரூபாவுக்கு இரண்டு ரூபா என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கும். அறுபதினாயிரத்துக்கு மாதம் 1,200, ஓராண்டில் 14,400. கொம்பனி வாங்கும் அதே தொகைதான். ஆனால் ஊர்க்காரனிடம் வாங்கியவளின் கையில் அறுபதினாயிரமும் ஆண்டு முழுவதும் நிற்கிறது. அவள் அதனை மாட்டிலோ வெங்காயத்திலோ போட்டு ஆண்டிறுதியிலே முதலைத் திருப்பலாம். கொம்பனிக்காரியோ அடுத்த மாதமே, கிழமைத் தவணையாயின் அடுத்த கிழமையே, முதலைத் திருப்பத் தொடங்கவேண்டும். கன்று பால் தருமா? கண்டு ஒரு கிழமையிற் காய்க்குமா? ஊர்க்காரனின் 24 உண்மையான 24. கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கழுத்துப்பட்டியும் உடைய இடத்தின் 24தான் 44 ஆகிறது.

அரசு சும்மா இருந்தது என்று கூறமுடியாது. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, நுண்கடன்களுக்கு 40 முதல் 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதாகச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபா வரையிலான, தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மத்திய வங்கி நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பையும் விதித்தது. 2021 மார்ச் மாதத்தில் ஹிங்குராக்கொடையிலே சிங்களக் கிராமத்துப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். தவணைக் கொப்பிக்கு இனமும் மொழியும் இல்லை என்பதை அவர்கள் நமக்கு முன்னரே உணர்ந்திருந்தார்கள்.

அந்த 35 வீதத்தைச் சற்று நோக்குக. அது பயன்வீதம். அதாவது உள்ளபடி கையில் நின்ற பணத்தின் மேல், இடையிடையே கட்டும் வட்டியையும் கணக்கிற் கொண்டு பார்க்கும் வீதம். நாம் மேலே கண்ட 24 வீத "எளிய" கடனை அவ்வளவுகோலால் அளந்தால் 50ஐத் தாண்டும். 35 என்ற வரம்புக்குள் நிற்கவேண்டுமாயின், ஆண்டுத் தவணைக் கடனொன்றில் "எளிய வட்டி" வீதம் ஏறக்குறைய 17க்கு மேற்படலாகாது. ஆனால் கிராமத்துப் பெண் வானொலியிலே 35 என்று கேட்கிறாள். கொப்பியிலே 24 என்று காண்கிறாள். தனக்குச் சலுகை செய்திருக்கிறார்கள் என்றல்லவா அவள் எண்ணுவாள்? வரம்பு ஒரு கோலாலும் வட்டி மற்றொரு கோலாலும் அளக்கப்படும் வரை, அவ்வரம்பு அவளுக்கு அரணாகாது.

இதற்குப் புதுமையான சட்டம் எதனையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்து 1918 ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் பற்றிய கட்டளைச் சட்டமே, புறோ நோட்டிலே உண்மையாகக் கைமாறிய தொகை எவ்வளவு, முன்கூட்டியே கழித்த தொகை எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் எவ்வளவு என்று வெவ்வேறாக எழுதவேண்டும் எனப் பணித்தது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அறவிடும் வட்டி முதலின் அளவைத் தாண்டலாகாது என்றது. செட்டியாரிடமும் முதலாளியிடமும் கடன்பட்ட காலத்துக்கு இருந்த அளவு கூச்சமாவது இக்காலத்துக்கு வேண்டாமா?

நம்மவர் பக்கமும் ஒன்று கூறவேண்டும். இலங்கை வேந்தனின் கலக்கத்தைக் கடன்பட்டவனுடைய நெஞ்சக் கலக்கத்துக்கு ஒப்பிட்ட அடியைக் கம்பனுடையதென்று மேடைதோறும் முழங்குகிறோம். அது இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயருக்கு உரியது என்று திருத்துவதற்கும் நம்மிடையே பண்டிதர்கள் உளர். உவமையின் அழகை அரை மணிநேரம் வியக்கிறோம். அந்த மண்டபத்துக்குக் கதிரை அடுக்கியவளின் நெஞ்சம் எந்த வீதத்தில் கலங்குகிறது என்று கேட்பதில்லை. நுண்கடன் பற்றி வந்த சிறுகதைகளிலும் கண்ணீர் உண்டு, தூக்குக் கயிறு உண்டு, வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பவனின் கெட்ட வார்த்தை உண்டு. அவையெல்லாம் நடந்தவையே. ஆனால் கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்ற இரண்டு எண்கள் இல்லாமையால் வாசகன் இரக்கப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறான்.

பாடசாலையின் பொறுப்பு இதனினும் பெரிது. எளிய வட்டியைக் கற்பிக்கும் அன்றே, முதல் குறைந்துகொண்டு போனால் அச்சூத்திரம் செல்லாது என்பதையும் கற்பிக்கவேண்டும். அதனை ஏதோ மேல்வகுப்புக்குரிய தனிவினாவாக ஒதுக்கிவிட்டு, பரீட்சைக்கு வராது என்று ரியூட்டரியிலும் தள்ளிவிட்டால், பாதிச் சூத்திரத்தோடு பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்புகிறோம். கணித ஆசிரியர்கள் என்மீது கோபிக்கவேண்டாம். "கடன்", "முதல்", "ஈடு", "பொலிசை" என்று சொற்களுக்குப் பொருள் சொல்லும் தமிழாசிரியனுக்கும் இதிலே பங்குண்டு. ஒப்பந்தத்திலுள்ள தமிழ், தமிழ் பேசும் ஒருத்திக்கு விளங்காத தமிழாக இருப்பது மொழிப் பிரச்சினையும்தானே. ஊர் வாசிகசாலைகளிலே மாலையில் ஒரு மணிநேரம் இருந்து கொண்டுவரும் கொப்பிகளைப் பார்த்து மீதியைக் கணித்துக் கொடுக்கச் சில ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் போதும். 1911 இலே சட்டம் பிறந்த காலம் முதல் இந்நாட்டில் வேரூன்றிய கூட்டுறவுக் கடன் சங்கங்களும் நம்மிடம் உள்ளன. எஞ்சிய மீதிக்கே வட்டி என்ற வழக்கு அச்சங்கங்கள் பலவற்றிலே உண்டு. அவற்றிலும் செல்வாக்குள்ளோர் கடனைத் தமக்குள்ளே பங்கிட்ட நோய் இருந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்க அங்கத்தவளுக்கு உரிமை இருக்கிறது.

கொம்பனிகளின் சார்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. சிறு கடன்களைக் கிராமந்தோறும் கொண்டுசென்று, பிணையில்லாதவர்களுக்குக் கொடுத்து, கிழமைதோறும் சேகரிப்பதற்குச் செலவு அதிகம். வங்கி வீதத்தில் அதனைச் செய்யமுடியாது என்பர். செலவு அதிகம் என்பதை ஒரு வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். வங்கிகள் ஏழைக்குக் கதவடைத்ததும் உண்மை. அப்படியாயின், 44 வேண்டுமென்றால் 44 என்று அச்சிடுங்கள். கொப்பியின் முதற்பக்கத்திலே, பெரிய எழுத்திலே, தமிழ்க் கிராமத்துக்குத் தமிழிலும் சிங்களக் கிராமத்துக்குச் சிங்களத்திலும் உம் கையில் தந்த ரூபா இவ்வளவு, நீர் திருப்பித் தரவேண்டிய ரூபா இவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் பின் எஞ்சும் முதல் இவ்வளவு, எஞ்சும் முதலின் மேல் ஆண்டு வட்டி வீதம் இவ்வளவு, இன்றே முடித்தால் கட்டவேண்டியது இவ்வளவு என்று எழுதுங்கள். அதனை வாசித்துவிட்டு அவள் கையொப்பமிடட்டும், அல்லது எழுந்து வீட்டுக்குப் போகட்டும்.